கூடிக் கலையும் உணரிகள்

காப்பிக் கோப்பைக்குக் கணினி எதற்கு? 1990களின் இறுதியில், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோப்பையின் அடிப்பகுதியில் வெப்பத்தையும் அசைவையும் அறியும் உணரிகளைப் பொருத்தினர். ‘மீடியாகப்’ எனப் பெயர் பெற்ற அக்கோப்பை, தான் அறிந்ததை அகச்சிவப்புக் கதிர்வழியே அறைக்கு உணர்த்தியது. சூடான கோப்பைகள் பல ஓரறையில் சேர்ந்தால், அங்கே கூட்டம் நடைபெறுகிறது என ஊகித்துக் கதவிலிருந்த பலகை அதனை அறிவித்தது. எவரும் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. காப்பி அருந்தினர், அவ்வளவே.

கணினி நம் சூழலுக்குள் கரைந்து கண்ணுக்குப் புலப்படாதிருக்க வேண்டும் என 1991ஆம் ஆண்டு எழுதிய மார்க் வைசரின் கனவும் இதுவே. ஆயினும், இதில் ஒரு சிக்கல் உண்டு. சுவருக்குள் புதைந்த உணரி எதைக் கவனிக்க வேண்டும் என்பதைக் கட்டடத்தை அமைத்தவரே முடிவு செய்கிறார். அங்கு வாழ்பவரின் தேவை நாளை மாறலாம், சுவர் மாறுவதில்லை.

வேண்டும்போது பொருளில் ஒட்டி, வேண்டாதபோது கழற்றிவிடும் சிறு கருவிகளைச் செய்தால் என்ன? 2001ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் மேற்கொண்ட ‘ஸ்மார்ட்-இட்ஸ்’ திட்டம் இவ்வழியில் சென்றது. உணரியும் நுண்செயலியும் வானொலி அலைபரப்பியும் அமைந்த சிறு பலகை அது. இரு பலகைகளை இணைக்கக் கடவுச்சொல் தேவையில்லை. இரண்டையும் ஒருசேரக் கையில் பிடித்துக் குலுக்கினால் போதும். ஒவ்வொன்றிலும் உள்ள முடுக்கமானி, அசைவின் போக்கை அளக்கிறது. பலகை அதனை அலைவழியே அறிவிக்கிறது. தன் அசைவை ஒத்த அசைவு அதே கணத்தில் மற்றொன்றிலிருந்து வரக்கண்டால் இரண்டும் நட்பாகின்றன. அருகில் வேறொருவர் குலுக்கும் கருவியின் அசைவு இதனோடு பொருந்தாது. கைகுலுக்கி நட்புக்கொள்வது மனிதர்க்கு மட்டும் உரியதன்று போலும்!

2016ஆம் ஆண்டு பிரிட்டனில் பள்ளி மாணவர்க்கு இலவசமாக வழங்கப்பட்ட ‘மைக்ரோபிட்’ பலகை, விதி எழுதும் பொறுப்பையும் பயனரிடமே ஒப்படைத்தது. ஈரமண்ணில் மின்சாரம் எளிதில் பாயும், உலர்மண்ணில் தடைபடும். பூந்தொட்டியில் இரண்டு ஆணிகளை ஊன்றிக் கம்பியால் பலகையோடு இணைத்து, ‘அளவு இதற்குக் கீழே இறங்கினால் விளக்கை எரியச் செய்’ என விதி எழுதினால், செடி தன் தாகத்தைச் சொல்லிவிடும். அந்த ‘இது’ எவ்வளவு என்பதை முடிவு செய்பவர் செடி வளர்ப்பவரே. மழைக்காலம் வந்ததும் ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, அதே பலகையைக் கதவில் கட்டி, அது திறப்பதையும் மூடுவதையும் அறியலாம்.

அமைத்தவரே கலைக்கலாம் என்பது இச்சூழலின் வலிமை. எனினும், அவ்வறைக்கு வரும் விருந்தினர் எந்த விதியையும் எழுதியவரல்லர். அவரது வருகையும் கணக்கில் சேர்கிறது. அச்செய்தி செல்லும் வழியும் காவலுடையதன்று. மைக்ரோபிட்டின் வானொலிச் செய்திகள் மறையாக்கம் இன்றியே பரவுகின்றன. 0 முதல் 255 வரையுள்ள குழு எண்களுள் பொருந்துவதைத் தம் பலகையில் இட்டுக்கொள்ளும் எவரும், அக்கதவு எப்போது திறந்தது என்பதை அடுத்த அறையிலிருந்தே அறிந்துகொள்ளலாம்.