கண்டறிதல் வேறு, சிகிச்சையை ஆரம்பித்தல் வேறு

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே, அதனை உடனடியாக வெட்டியகற்றிவிட வேண்டும் என்று எண்ணுவது மனித இயல்பு. பெரும்பாலான புற்றுநோய்களில் தாமதம் ஆபத்தானது என்பதும் உண்மையே. ஆயினும், ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்துள்ள புரொஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் எப்போதும் இப்பொதுவிதிக்குள் அடங்குவதில்லை. அது பலரிடத்தில் மிக மெதுவாகவே வளர்கின்றது. சிலரிடத்திலேயே விரைந்து பரவி உயிரைப் பறிக்கின்றது.

அச்சுரப்பி உற்பத்தி செய்யும் பி.எஸ்.ஏ. என்னும் புரதத்தைக் குருதியில் அளவிடுவதே முதற்கட்டப் பரிசோதனையாகும். அதன் அளவு உயர்ந்திருப்பதால் மட்டும் புற்றுநோய் உள்ளதெனக் கொள்ளலாகாது. வயதின் காரணமாகச் சுரப்பி பருத்தல், கிருமித்தொற்று என்பனவும் அதனை உயர்த்தும். சுரப்பியிலிருந்து எடுக்கப்படும் இழையத்தை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்த பின்னரே நோய் உறுதி செய்யப்படுகின்றது. உறுதியானதும் உடனே சிகிச்சையை ஆரம்பிக்கத்தான் வேண்டுமா என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடிப் பிரித்தானியாவில் விரிவான ஆய்வொன்று மேற்கொள்ளப்பட்டது. 1999 முதல் 2009 வரை, 50 தொடக்கம் 69 வயது வரையான 82,429 ஆண்களுக்குப் பி.எஸ்.ஏ. பரிசோதனை செய்யப்பட்டது. சுரப்பிக்கு வெளியே பரவாத புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களுள் 1,643 பேர், சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு, தொடர் கண்காணிப்பு என மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். சுமார் 15 ஆண்டுகளின் பின்னர், 2023 இல் வெளியான பெறுபேறுகளின்படி, இந்நோயால் இறந்தோர் 45 பேர் மட்டுமே. இவ்விடயத்தில் மூன்று பிரிவுகளுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

எனினும், கண்காணிப்பு என்பது கைவிட்டுவிடுதல் அன்று. அப்பிரிவில் 9.4 சதவீதமானோருக்கு நோய் வேறு பாகங்களுக்குப் பரவியிருந்தது. சத்திரசிகிச்சை பெற்றோரில் இது 4.7 சதவீதமாகும். கண்காணிக்கப்பட்டோரில் 61 சதவீதமானோர் பின்னர் சத்திரசிகிச்சையையோ கதிர்வீச்சையோ பெற்றனர். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் எவ்விதச் சிகிச்சையுமின்றியே உயிர்வாழ்ந்தனர். சிறுநீரை அடக்க இயலாமை, ஆண்மைக் குறைவு போன்ற பக்கவிளைவுகளைப் பலர் ஆண்டுக்கணக்கில் தவிர்த்துக்கொள்ளவோ தள்ளிப்போடவோ முடிந்தது.

ஆனால், வேகமாக வளரும் இயல்புடைய புற்றுநோய்க்கு இந்தக் காத்திருப்புப் பொருந்தாது. சிறுநீரில் குருதி கலந்து வருதல் போன்ற அறிகுறி தோன்றியவர்கள் வைத்தியரை நாடுவதில் தாமதிக்கவும் கூடாது. நோயின் தரம், பரவிய அளவு, நோயாளியின் வயது, ஏனைய நோய்கள் என்பவற்றைக் கொண்டே சிகிச்சைக்கான காலம் தீர்மானிக்கப்பட வேண்டும். 55 முதல் 69 வயது வரையானோர் நன்மை தீமைகளை வைத்தியருடன் ஆராய்ந்து தாமே முடிவெடுக்கலாம் என்றும், 70 வயதைக் கடந்தோருக்கு வழமையான பி.எஸ்.ஏ. பரிசோதனை வேண்டாம் என்றும் அமெரிக்க நோய்த்தடுப்புச் சேவைகள் செயலணி 2018 இல் பரிந்துரைத்தது இதனாலேயே.

ஆகவே, “நோய் இருப்பது தெரியவந்தால் அடுத்து என்ன செய்வோம்?” என்ற வினாவைக் குருதியைப் பரிசோதனைக்குக் கொடுப்பதற்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டுவிடுவது நன்று. அச்சத்தின் பிடியில் எடுக்கும் முடிவைக் காட்டிலும், அமைதியாக ஆராய்ந்து எடுக்கும் முடிவே நோயாளிக்குத் துணைநிற்கும்.