ஹார்வர்ட் வளர்ந்தோர் வாழ்க்கை ஆய்வு

ஹார்வர்ட் வளர்ந்தோர் வாழ்க்கை ஆய்வு என்பது, ஒரே மனிதர்களை இளமை முதல் முதுமை வரை பின்தொடர்ந்த நெடுங்கால ஆய்வு ஆகும். இது ஐக்கிய அமெரிக்காவில் 1938 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. முதுமைக்கால நலத்தில், 50 வயதிற்குள் வேரூன்றும் பழக்கங்களுக்குப் பெரும் பங்குண்டு என்பதை இவ்வாய்வு எடுத்துக்காட்டியது.

ஆய்வுக் குழுக்கள்

முதற்குழுவில் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் 268 பேர் இருந்தனர். இரண்டாம் குழுவினர் பாஸ்டன் நகரின் வறிய பகுதிகளைச் சேர்ந்த 456 சிறுவர்கள் ஆவர். இவர்கள் முதலில் வேறோர் ஆய்வுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பின்னர் இரு குழுக்களும் ஒன்றாக ஆராயப்பட்டன.

ஆய்வு முறை

முதியவர்களிடம் அவர்களது இளமையைப் பற்றிக் கேட்டறிந்தால் நினைவுப் பிழைகள் நேரக்கூடும். இவ்வாய்விலோ வினாத்தாள்கள், நேர்காணல்கள், மருத்துவப் பதிவுகள் ஆகியவை அவ்வக் காலத்திலேயே திரட்டப்பட்டன.

முடிவுகள்

பல ஆண்டுகள் ஆய்வை வழிநடத்திய மனநல மருத்துவர் ஜார்ஜ் வைலண்ட், நலமான முதுமையை முன்னறிவிக்கும் காரணிகளாகப் பின்வருவனவற்றைக் குறிப்பிட்டார்:

* புகைபிடிக்காமை
* மதுவுக்கு அடிமையாகாமை
* ஓரளவு உடற்பயிற்சி
* அளவான உடல் எடை
* நிலையான மணவாழ்க்கை
* துன்பங்களை நகைச்சுவை, பிறர்க்கு உதவுதல் போன்ற முதிர்ந்த வழிகளில் எதிர்கொள்ளல்
* கல்வி

ஹார்வர்ட் குழுவினர் அனைவரும் கல்லூரியில் பயின்றவர்கள் என்பதால், அவர்களிடம் ஏனைய ஆறு காரணிகளே ஒப்பிடப்பட்டன. 50 வயதில் இவற்றுள் ஐந்தோ ஆறோ பெற்றிருந்த 106 பேரில் பாதிப்பேர் 80 வயதில் நலமும் மகிழ்வும் உடையோராக இருந்தனர். மூன்றோ அதற்குக் குறைவாகவோ பெற்றிருந்தோரில் ஒருவர்கூட அந்நிலையை எய்தவில்லை.

வறிய பகுதியினரின் உடல்நலம், ஹார்வர்ட் குழுவினரைவிட ஏறத்தாழ பத்தாண்டுகள் முன்னதாகவே நலிந்தது. எனினும் அவர்களுள் கல்லூரிக் கல்வி பெற்றோர், 70 வயதில் ஹார்வர்ட் குழுவினருக்கு இணையான உடல்நலத்துடன் இருந்தனர்.

வைலண்டுக்குப் பின் பொறுப்பேற்ற ராபர்ட் வால்டிங்கர், உறவுகளின் சிறப்பை வலியுறுத்தினார். 80 வயதில் அமையும் உடல்நலத்தை, 50 வயதில் இருந்த கொலஸ்டிரால் அளவைவிட உறவுகளில் கண்ட மனநிறைவே நன்கு முன்னறிவித்தது என அவர் 2015 இல் விளக்கினார்.

வரம்புகள்

தொடக்கத்தில் வெள்ளையின ஆண்கள் மட்டுமே ஆய்வில் இடம்பெற்றனர். அவர்களின் மனைவியரும் பிள்ளைகளும் பின்னரே சேர்க்கப்பட்டனர். எனவே இம்முடிவுகளை எல்லா மக்களுக்கும் அப்படியே பொருத்த இயலாது. மேலும், நல்ல பழக்கம் உடல்நலத்தைத் தருவதுபோலவே, உடல்நலம் உள்ளவர்க்குப் பயிற்சியும் நட்பும் எளிதாதலும் கூடும். இவ்வகை ஆய்வால் இவ்விரண்டையும் முழுமையாகப் பிரித்தறிய முடியாது.