ஒரே ஆல்பம், வேறு வேறு ஒலி: மெக்கார்ட்னி மறுவெளியீடுகளில் எதை வாங்குவது?

பால் மெக்கார்ட்னியின் பழைய ஆல்பங்கள் புது அட்டை போட்டு மீண்டும் மீண்டும் விற்பனைக்கு வருகின்றன. பாட்டு அதேதான், பாடியவரும் அவரேதான். ஆனால், இரண்டு பதிப்புகளை அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் ஒன்றில் பாஸ் கித்தார் நெஞ்சை அதிர வைக்கும். மற்றொன்றில் அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். சில பதிப்புகளில் வாத்தியங்களே குறைந்திருக்கும்.

பீட்டல்ஸ் குழுவில் பாஸ் கித்தார் வாசித்த மெக்கார்ட்னி, 1970-இல் அக்குழு பிரிந்தபோது தம் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டார். அன்றிலிருந்து அவர் வெளியிட்டவற்றை 2010 முதல் 'ஆர்க்கைவ் கலெக்‌ஷன்' என்ற வரிசையில் ஒவ்வொன்றாக மறுவெளியீடு செய்து வருகிறார். சிறிய பதிப்பு, பெரிய பெட்டி, இசைத்தட்டு என ஒரே ஆல்பம் பல வடிவங்களில் வருவதால், எதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்குபவர் தாம் தேடிய பாட்டையே தவறவிட நேரிடும்.

ரீமிக்ஸ் என்றால் குத்துப்பாட்டு அல்ல

நம்மவர்களிடையே ரீமிக்ஸ் என்றால் பழைய சினிமா பாட்டுக்குப் புதுத் தாளம் சேர்ப்பது என்றே பொருள். ராக் இசை மறுவெளியீடுகளில் அதன் பொருள் வேறு.

ஸ்டூடியோவில் குரல், டிரம்ஸ், கித்தார், பாஸ் ஆகியவற்றைத் தனித்தனித் தடங்களில் பதிவு செய்வார்கள். எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது, எதை இடப்பக்கம் வைப்பது, எதை வலப்பக்கம் வைப்பது என்று முடிவு செய்து அவற்றை ஒன்றாக்குவதே மிக்சிங். அந்தத் தடங்களுக்கே திரும்பிச் சென்று புதிதாகக் கலந்தால் அது ரீமிக்ஸ்.

ரீமாஸ்டர் என்பது அதற்கு அடுத்த கட்ட வேலை. கலந்து முடித்த ஒலிநாடாவை எடுத்து, மொத்த ஒலியளவையும் தொனியையும் மட்டும் சரிசெய்வது. கூட்டி முடித்த குழம்பைச் சுடவைத்து உப்புப் பார்ப்பது ரீமாஸ்டர்; புளி, மசாலா, காய் எல்லாவற்றையும் தனித்தனியே எடுத்து வைத்துக்கொண்டு குழம்பை முதலிலிருந்து கூட்டுவது ரீமிக்ஸ்.

வானொலிக்காகச் செய்த 'ராம்'

1971-இல் மனைவி லிண்டாவுடன் சேர்ந்து மெக்கார்ட்னி வெளியிட்ட ஆல்பம் 'ராம்'. பெயரைப் பார்த்து இராமபிரானை நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் அது ஆட்டுக்கிடாவைக் குறிக்கும் சொல். அட்டையிலும் அவர் கிடாவின் கொம்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

கடைகளில் விற்கப்பட்டது ஸ்டீரியோ பதிப்பு. அதோடு, வானொலி நிலையங்களுக்கு அனுப்புவதற்கென்றே தனியாக ஒரு மோனோ கலவையும் தயாரானது. அன்றைய ஏஎம் வானொலியில் ஒலி ஒரே தடமாகத்தான் வரும் என்பதே அதற்குக் காரணம். அந்த மோனோ பதிப்பு பொதுமக்களுக்கு விற்கப்படவில்லை. 2012-இல்தான் பெரிய பெட்டியிலும், குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்ட இசைத்தட்டிலும் முறையாக வெளிவந்தது.

ஸ்டீரியோவில் இரண்டு வாத்தியங்கள் மோதினால் ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் தள்ளிவிடலாம். மோனோவில் அந்த வசதி இல்லை. ஒலியளவையும் தொனியையும் மட்டும் வைத்தே ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். அதனால் மோனோ கலவையில் எல்லாம் ஒரே இடத்திலிருந்து திரண்டு வரும். பாஸையும் டிரம்ஸையும் விரும்புவோர் இதைத் தேடி வாங்குவது இதற்காகத்தான்.

50 ஆண்டுகள் காத்திருந்த ஒலிநாடா

மெக்கார்ட்னியின் விங்ஸ் குழு 1973 இறுதியில் வெளியிட்ட 'பேண்ட் ஆன் தி ரன்' நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பதிவானது. புறப்படும் நேரத்தில் குழுவினர் இருவர் விலகிவிட, மெக்கார்ட்னி, லிண்டா, டென்னி லேன் ஆகிய மூவர் மட்டுமே சென்றனர். டிரம்ஸையும் மெக்கார்ட்னியே வாசித்தார். அங்கே கத்தி முனையில் நடந்த வழிப்பறியில், புதிய பாடல்களின் மாதிரிப் பதிவுகளும் பறிபோயின. நினைவில் இருந்ததை வைத்தே பாடல்களை மீண்டும் உருவாக்க வேண்டியதாயிற்று.

லண்டன் திரும்பிய பிறகு, டோனி விஸ்கோண்டி அமைத்த வாத்தியக் குழு இசை பாடல்களின் மேல் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பே, 1973 அக்டோபரில், ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் ஒரு முதற்கட்டக் கலவையைச் செய்து வைத்திருந்தார். அது 'அண்டர்டப்டு' என்ற பெயரில் 2024 பிப்ரவரியில், ஆல்பத்தின் 50-ஆம் ஆண்டுப் பதிப்போடு வெளிவந்தது.

பதிவான பாட்டின் மேல் பின்னர் சேர்ப்பதை ஓவர்டப் என்பார்கள். அப்படிச் சேர்ப்பதற்கு முந்தைய நிலை என்பதால் இந்தப் பெயர். இதில் வயலின் கூட்டமோ பித்தளை ஊதுகுழல்களோ இல்லை. மூன்று பேர் ஓர் அறையில் வாசித்தது போல ஒலிக்கிறது. முதன்முறை கேட்பவருக்குப் பாட்டு வெறுமையாகத் தோன்றலாம். பழைய ரசிகருக்கோ, இதுவரை மறைந்திருந்த பாஸ் வாசிப்பு துலக்கமாகத் தெரியும்.

கவனிக்க வேண்டிய பதிப்பு

ஜார்ஜ் மார்ட்டின் தயாரிப்பில் 1982-இல் வந்த 'டக் ஆஃப் வார்' ஆல்பத்தில்தான் வாங்குபவர் அதிகம் ஏமாறக்கூடும். ஸ்டீவி வொண்டருடன் பாடிய 'எபனி அண்ட் ஐவரி', மறைந்த நண்பர் ஜான் லென்னனை நினைத்து எழுதிய 'ஹியர் டுடே' ஆகியவை இதில் உள்ளன.

2015 மறுவெளியீட்டில் இந்த ஆல்பம் ரீமாஸ்டர் மட்டும் செய்யப்படவில்லை; முழுவதும் ரீமிக்ஸ் செய்யப்பட்டது. 1982-இல் மக்கள் கேட்ட கலவை, விலை கூடிய பெரிய பெட்டியில் மட்டுமே சேர்க்கப்பட்டது. இரண்டு சிடி கொண்ட சாதாரணப் பதிப்பில் புதிய கலவை மட்டும்தான். இளவயதில் கேசட்டில் கேட்ட அதே ஒலியைத் தேடுபவருக்கு அந்தச் சிறிய பதிப்பு உதவாது. அவர் 1980-களின் பழைய இசைத்தட்டைத் தேடுவதே மேல். பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் வார இறுதிச் சந்தை போன்ற இடங்களில் அத்தகைய பழைய தட்டுகளைத் தேடிப் பார்க்கலாம்.

சத்தம் கூடினால் தரம் கூடுமா?

புதிய பதிப்பு சத்தமாக இருப்பதாலேயே நன்றாக இருப்பதாகத் தோன்றுவது இயல்பு. ஒலியளவை ஒரே மட்டத்துக்கு உயர்த்த, பாட்டின் உச்சங்களை அமுக்குவார்கள். இதற்கு லிமிட்டிங் என்று பெயர். அளவு மீறினால் மெல்லிய இடத்துக்கும் சத்தமான இடத்துக்கும் வேறுபாடு குறைந்து, காது விரைவில் களைத்துவிடும். 2010-இல் 'பேண்ட் ஆன் தி ரன்' மறுவெளியீட்டின்போது, உயர்தரப் பதிவிறக்கத்தில் இப்படி அமுக்கியது ஒன்றும் அமுக்காதது ஒன்றுமாக இரண்டுமே கிடைத்தன. இரண்டு பதிப்புகளை ஒப்பிட விரும்புவோர், சத்தம் கூடியதன் ஒலியளவைக் குறைத்து இரண்டையும் சமமாக்கிக்கொண்டு கேட்பதே நியாயமான முறை.

வாங்குவதற்கு முன், அட்டையின் பின்புறத்தில் ரீமாஸ்டர், ரீமிக்ஸ், மோனோ, அண்டர்டப்டு என்ற சொற்களில் எது இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. கைப்பேசியில் கேட்பவர்களும் பாட்டின் பெயரை ஒட்டி வரும் சிறு குறிப்பைக் கவனிக்கலாம். 'டக் ஆஃப் வார்' பாடல்களுக்குப் பக்கத்தில் 2015 ரீமிக்ஸ் என்றிருந்தால், அது 1982-இல் வானொலியில் ஒலித்த கலவை அல்ல.