எண்ணூரில் வாளிகள் செய்த வேலை

2017-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் விடியுமுன், எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு அப்பால் பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எரியெண்ணெய் எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிக் களியாகத் திரண்டது. உறிஞ்சும் இயந்திரங்கள் அக்களியின் முன் திணறின. ஆகவே மீனவரும் மாணவரும் தொண்டரும் கடலோரக் காவற்படையினரும் வரிசையாக நின்று, வாளியால் மொண்டு கைமாற்றிக் கரையேற்றினர்.

அன்று அவர்களுக்கு உடனே வேண்டியிருந்தது பணமன்று. வாளி, கையுறை, ரப்பர்க் காலணி, பிசுக்குக் கழுவ எண்ணெய், நண்பகலில் ஒரு பொட்டலம் சோறு ஆகியவையே. வெறுங்கையால் அள்ளியவர் பலர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் இக்குறை மீண்டும் தலைகாட்டியது. மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை அறிவித்தது, அது நியாயமே. ஆயினும் தொகை வந்து சேருமுன்னரே எண்ணெயை அள்ளியாக வேண்டும்.

இவ்விடத்தில் நம் அங்கத்தினர்களுக்கு ஒரு செய்தி. சுத்திகரிக்காத பஞ்சின் மேல் இயற்கையான மெழுகு உண்டு. அது நீரை விலக்கி எண்ணெயை ஈர்க்கும். போடி வட்டாரத்தில் விளையும் இலவம் பஞ்சுக்கு இக்குணம் இன்னும் மிகுதி. மிதந்துகொண்டே எண்ணெயைக் குடிக்கும். வெளுத்த பஞ்சு உதவாது. நீரைக் குடித்து அமிழ்ந்துவிடும். ஆலைக் கழிவுப் பஞ்சும் இலவம் பஞ்சும் சில மூட்டைகள் கொடுக்க நெசவாளர், விவசாயிகள் சங்கங்களால் இயலாதா? லாரி, படுதா, தராசு, கிடங்கில் ஒரு மூலை, கணக்கெழுத ஓர் ஆள் ஆகியவற்றையும் இரவல் தரலாம்.

கேட்டறிந்து கொடுத்தல் வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப்பின் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணிகள் தீண்டுவாரின்றிக் குவிந்து கிடந்தன. அனுப்பியோர் மனம் நல்லதே; வீடிழந்தோரின் மானத்தை எண்ணிப் பார்த்தாரில்லை.

மற்றொன்று, எம் உத்தியோகத்தைச் சேர்ந்தது. துணைவிதி இடந்தருகிறதா என்று முதலிற் பார்க்க. நிர்வாகக் குழுத் தீர்மானம், இருப்புப் பதிவேட்டில் பற்று, பெற்றுக்கொண்ட குழுவின் ரசீது, இரவலாயின் திரும்பும் நாள் ஆகிய இவை இருந்தாற் போதும். வெள்ளக் காலத்தில் நல்லெண்ணத்தோடு படுதாக்களை எடுத்துக் கொடுத்த செயலாளர் ஒருவரை நாம் அறிவோம். தணிக்கையில் இருப்புக் குறைந்தது. அவர் கூறியது உண்மையென்று ஊரார் அனைவரும் சொன்னார்கள். ஆனால் துண்டுக் காகிதமும் இல்லை. அப்படுதாக்களின் விலையை அவர் தம் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கட்டித் தீர்த்தார்.