உங்களுக்குத் தெரியுமா? வந்த பதிலை மறைப்பது பிரவுசர்தான்!

பொம்மிடி ரயில் நிலையத்தில் எந்த வண்டி எப்போது நிற்கும் என்று காட்ட ஒரு வலைப்பக்கம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர விவரம் இருப்பதோ வேறொரு தளத்தில். கேட்டதும் ‘கார்ஸ்’ பிழை சிவப்பாக வந்து நிற்கும். கோரிக்கை போகவே இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சாதாரண ‘கெட்’ கோரிக்கை என்றால் அது போய், பெரும்பாலும் பதிலும் வந்திருக்கும். அதை உங்கள் நிரலுக்குத் தர மறுப்பது பிரவுசர். அதே முகவரியை, பிரவுசர் இல்லாமல் இயங்கும் ‘கர்ல்’ கட்டளையில் கேட்டால் இந்தத் தடையே இல்லை!

நெறிமுறை, தளப்பெயர், போர்ட் எண் மூன்றில் ஒன்று மாறினாலும் பிரவுசருக்கு அது வேறு இடம். லோக்கல்ஹோஸ்ட் 3000-உம் 8080-உம் கூட அப்படித்தான். வேறு இடத்துப் பதிலை நிரல் படிக்க விடாத இந்த வேலி, 1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் பிரவுசர் போட்டது. அதில் வாசல் வைக்கும் யோசனைதான் கார்ஸ். அது 2004-இல் பிறந்தது, அதுவும் தொலைபேசிக் குரல் சேவைகளுக்கான வாய்ஸ்எக்ஸ்எம்எல்லுக்காக! 2014 ஜனவரியில் அது வலைத் தர அமைப்பான டபிள்யூ3சி-யின் பரிந்துரையானது.

வாசலைத் திறக்கும் அனுமதித் தலைப்பை (ஹெடர்) பதிலோடு அனுப்ப வேண்டியது எதிர்த்தளம். உங்கள் நிரலில் சேர்த்துப் பயனில்லை. அந்தத் தளம் இசையாவிட்டால், சொந்த சர்வர் வழியாகக் கேட்டு வாங்கலாம். கோரிக்கையில் ‘நோ-கார்ஸ்’ என்று எழுதுவது வெறும் கண்துடைப்பு: பிழை மறையும், பதிலைப் படிக்க முடியாது.