படையில்லாத நீதிமன்றம்

1952 ஏப்ரல் 8. கொரியாவில் போர் நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்க உருக்காலைத் தொழிலாளர்கள் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் வேலைநிறுத்தத்துக்குத் தயார். உருக்கு நின்றால் போர்முனைக்குப் போகும் ஆயுதங்களும் நின்றுவிடுமே என்று அஞ்சினார் அதிபர் ஹாரி ட்ரூமன். நாட்டின் பெரும்பாலான உருக்காலைகளை அரசே எடுத்துக்கொள்வதாக அன்றிரவு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அறிவித்தார். பேச்சு முடிந்த சூட்டோடு ஆலை நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் ஒரு நீதிபதியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

எட்டு வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. ட்ரூமன் அன்றே ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார்.

முப்பது லட்சத்துக்கும் அதிகமான படையினருக்குத் தலைவர் அவர். எதிரே இருந்தவர்களோ ஒன்பது நீதிபதிகள். அவர்களிடம் படையும் இல்லை, கஜானாவும் இல்லை. பிறகு எப்படி இது நடந்தது?

விடை 1787-ல் பிலடெல்பியாவில் எழுதிய அரசியல் சாசனத்தில் இருக்கிறது. சட்டம் இயற்றுவது ஒருவர், நடைமுறைப்படுத்துவது இன்னொருவர், சட்டப்படி நடந்ததா என்று தீர்ப்புச் சொல்வது மூன்றாமவர். இதுதான் அதிகாரப் பிரிவினை. ஆனால் காகிதத்தில் கோடு கிழித்தால் மட்டும் போதாது, கோட்டை எவரும் தாண்டிவிடுவார்கள் என்பது சாசனத்தை வடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசனுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே ஒருவர் அதிகாரத்தில் இன்னொருவருக்குச் சிறு பங்கு வைத்தார்கள். வங்கி லாக்கரைப் போல: உங்கள் சாவியோடு வங்கியின் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், நிறைவேற்றும் சட்டத்தை அதிபர் ஒப்புக்கொள்ளாமல் திருப்பி அனுப்பலாம்; இதற்கு ‘வீட்டோ’ என்று பெயர். இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு அந்த வீட்டோவையே முறியடிக்கலாம். நீதிபதிகளை நியமிப்பவர் அதிபர். காங்கிரஸின் மேலவையான செனட் சம்மதிக்க வேண்டும். நியமித்த பிறகு, பதவிநீக்கத் தீர்மானம் இல்லாமல் அவர்களை அசைக்க முடியாது. அவர்கள் பதவியில் இருக்கும்வரை சம்பளத்தையும் குறைக்க முடியாது. சாசனத்திலேயே மிக நுட்பமான வரி இந்தச் சம்பள வரிதான் என்பேன். வயிற்றில் அடித்து வழிக்குக் கொண்டுவரும் உபாயத்தை அது முளையிலேயே கிள்ளிவிட்டது.

ட்ரூமன் வழக்கில் இந்தப் பூட்டுகள் எல்லாம் வேலை செய்தன. 1947-ல் டாஃப்ட்-ஹார்ட்லி என்ற தொழிலாளர் சட்டத்தை அவர் வீட்டோ செய்தார். காங்கிரஸ் அதை முறியடித்தது. ஆலைகளைக் கைப்பற்றும் அதிகாரத்தை அரசுக்குத் தரலாமா என்று அப்போதே யோசித்து, வேண்டாம் என்று விட்டிருந்தார்கள். தர மறுத்ததைத்தான் ட்ரூமன் தாமாக எடுத்துக்கொண்டார். அதிபரின் அதிகாரத்துக்குத் தேர்தலும் பதவிநீக்கமும் மட்டுமே எல்லை என்று அரசு வழக்கறிஞர் கீழ் நீதிமன்றத்தில் வாதாட, நாடே கொதித்தது.

உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேரும் முந்தைய அதிபர் ரூஸ்வெல்ட்டோ ட்ரூமனோ நியமித்தவர்கள்; நால்வர் ட்ரூமனே தேர்ந்தெடுத்தவர்கள். அவர்களில் டாம் கிளார்க் அவரிடமே அட்டர்னி ஜெனரலாக, அதாவது அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக, இருந்தவர். கிளார்க்கும் ஹெரால்டு பர்ட்டனும் தங்களை நியமித்தவருக்கு எதிராக வாக்களித்தார்கள். தீர்ப்பு 6-3.

அந்த ஆறு பேரில் ராபர்ட் ஜாக்சன் எழுதியது இன்றும் பாடம். காங்கிரஸின் ஒப்புதலோடு செயல்படும்போது அதிபரின் பலம் உச்சத்தில் இருக்கும். காங்கிரஸ் மௌனம் காத்தால் அது மங்கலான பகுதி. காங்கிரஸின் விருப்பத்துக்கு எதிராகப் போனால் பலம் அடிமட்டத்துக்கு இறங்கும். ஜாக்சன், நூரம்பர்க்கில் நாஜித் தலைவர்கள் மீது அமெரிக்காவின் சார்பில் வழக்கு நடத்தியவர். நெருக்கடியைக் காரணம் காட்டி உரிமைகளை நிறுத்திவைக்க ஜெர்மனியின் வைமர் சாசனம் அதிபருக்கு இடம் கொடுத்ததையும், ஹிட்லர் காலத்தில் அப்படி நிறுத்தியவை திரும்பவே இல்லை என்பதையும் தீர்ப்பிலேயே எழுதினார். ட்ரூமன் கொடுங்கோலர் அல்லர், படைவீரர்களுக்காகத்தான் கவலைப்பட்டார். ஆனால் அவருக்குத் திறக்கும் கதவு அடுத்து வருபவருக்கும் திறக்குமே.

இதற்கு விலை இருந்தது. தீர்ப்பு வந்ததும் வேலைநிறுத்தம் தொடங்கி 53 நாள் நீடித்தது. ஆலைகளை எடுத்துக்கொள்ளச் சட்டம் இயற்றித் தாருங்கள் என்று ட்ரூமன் முறைப்படி காங்கிரஸைக் கேட்டார். காங்கிரஸ் மறுத்தது. ஜூலை 24 அன்று முதலாளிகளும் தொழிற்சங்கமும் பேசி முடித்துக்கொண்டார்கள்.