வியாழனுக்கு நீங்களும் வண்ணம் தீட்டலாம்

"டீச்சர், இது பாத்திக் துணியா?"

படிவம் இரண்டு மாணவர்களுக்குச் சூரியக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன். திரையில் வியாழன் கோளின் படம் ஒன்றைக் காட்டியதும் முன்வரிசை மாணவி இப்படிக் கேட்டார். கேட்டதில் தவறில்லை. நீலமும் வெள்ளையும் பழுப்பும் சுழித்துச் சுழித்து ஓடும் அந்த மேகங்களைப் பார்த்தால் யாருக்கும் பாத்திக்தான் நினைவுக்கு வரும். ஆனால் பின்வரிசை மாணவர் ஒருவர் உடனே தீர்ப்பே சொல்லிவிட்டார்: "இல்ல, இது ஏஐ போட்ட படம்."

ஏஐ போட்டதல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால், "அப்படின்னா கேமரா எடுத்தது அப்படியே இதுதானா டீச்சர்?" என்று அவர் திருப்பிக் கேட்டபோது, "ஆமாம்" என்று என்னால் சொல்ல முடியவில்லை. அன்று இரவு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாசாவின் ஜூனோ விண்கலம் 2011 ஆகஸ்டில் புறப்பட்டு, 2016 ஜூலையில் வியாழனை அடைந்தது. வியாழனின் ஈர்ப்பு விசை, காந்தப்புலம் ஆகியவற்றை அளக்கும் கருவிகளோடு ஒரு கேமராவும் அதில் இருக்கிறது. பெயர் ஜூனோகேம். முக்கியமாகப் பொதுமக்களுக்காகவே அதைப் பொருத்தினார்கள். அது எடுக்கும் மூலப் படங்கள் இணையத்தில் ஏற்றப்படுகின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், வண்ணம் சேர்த்துத் திரும்ப ஏற்றலாம். ஜெர்மனியைச் சேர்ந்த கணித வல்லுநர் கெரால்ட் ஐக்ஷ்டெட்டும் கலைஞர் ஷான் டோரனும் அப்படித்தான் உலகப் புகழ் பெற்ற பல வியாழன் படங்களை உருவாக்கினார்கள். இருவருமே நாசா ஊழியர்கள் அல்லர்.

மூலப் படத்தைத் திறந்து பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருக்கும். சாம்பல் நிறப் பட்டைகள்தான் வரிசையாக இருக்கும். ஜூனோ ஒரு நிமிடத்துக்குச் சுமார் இரண்டு முறை தன்னைத்தானே சுற்றிக்கொண்டே பறக்கிறது. அந்தச் சுழற்சியில் கேமரா வியாழனைப் பட்டை பட்டையாக வருடிச் செல்கிறது. கேமரா உணரியின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் உண்டு. மீத்தேன் வாயுவைக் கண்டறிய நான்காவது ஒன்றும் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உணரிக்கு நிறம் தெரியாது. எவ்வளவு ஒளி விழுந்தது என்பது மட்டுமே தெரியும். சிவப்பு வடிகட்டி வழியே வந்த ஒளியைச் 'சிவப்பு' என்று கணக்கில் வைப்பவர்கள் நாம்தான். ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1861இல் லண்டனில் காட்டியதும் இதே முறைதான். ஒரு வண்ண ரிப்பனை மூன்று வடிகட்டிகள் வழியே தனித்தனியாகப் படம்பிடிக்கச் செய்து, மூன்றையும் ஒரே திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒளிரச் செய்தார். ரிப்பன் வண்ணத்தில் தெரிந்தது.

வியாழனுக்குப் போகுமுன் வீட்டு வாசலில் தொடங்குவோம். ஒரு சிவப்புச் செம்பருத்தியை, நம் 'பூங்கா ராயா'வை, இலையோடு கைப்பேசியில் படம் எடுங்கள். கணினியில் 'கிம்ப்' என்ற இலவச மென்பொருளில் திறந்து, 'கலர்ஸ்' பட்டியலில் உள்ள 'டிகம்போஸ்' கட்டளையைக் கொடுங்கள். படம் மூன்று சாம்பல் அடுக்குகளாகப் பிரியும். சிவப்பு அடுக்கில் பூவிதழ் வெளுத்துத் தெரியும், மற்ற இரண்டிலும் இருண்டு கிடக்கும். இலை பச்சை அடுக்கில்தான் கூடுதல் வெளிச்சமாக இருக்கும். இப்போது 'கம்போஸ்' கட்டளையில் சிவப்பு அடுக்கையும் நீல அடுக்கையும் இடம் மாற்றிச் சேருங்கள். நீலச் செம்பருத்தி பூத்துவிடும்! அளவுகள் எதுவும் மாறவில்லை. எந்த அளவுக்கு எந்த நிறம் என்பதை மட்டுமே மாற்றியிருக்கிறீர்கள்.

வியாழன் படத்துக்கு, பட்டைகளை ஏற்கெனவே ஒட்டித் தந்திருக்கும் படங்களையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டைகளை நாமே ஒட்டுவது பெரிய கணக்கு வேலை. எனக்கே இன்னும் சரியாக வரவில்லை. ஒட்டிய படம் வெளிறிய பால் நிறத்திலும் இளம்பழுப்பிலும் இருக்கும். நம் கண்ணுக்கு வியாழன் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். அடர்ந்த நீலமெல்லாம் பிறகு கூட்டியது.

எப்படிக் கூட்டுகிறார்கள்? ஒரு பகுதியின் ஒளி அளவுகள் 120 முதல் 150 வரை மட்டுமே இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணினி 0 முதல் 255 வரை காட்டக்கூடியது. 120ஐ 0 ஆகவும் 150ஐ 255 ஆகவும் இழுத்து விரித்தால், 30 படிகளுக்குள் ஒளிந்திருந்த சுழல்கள் வெளியே வரும். கிம்பில் 'லெவல்ஸ்' என்ற கருவி இதைச் செய்யும். எது முன்பு வெளிச்சமாக இருந்ததோ அது இப்போதும் வெளிச்சமாகவே இருக்கும், வரிசை மாறாது. புயலின் வடிவத்தை ஆராய இந்தப் படங்கள் உதவுவது அதனால்தான்.

ஆனால் தூரிகையை எடுத்து, இல்லாத ஒரு சுழலை வரைந்தால் கதை வேறு. அதுவும் அழகான ஓவியமாக இருக்கலாம். என் கருத்தில் இரண்டும் செய்யத்தக்கவையே, செய்ததைப் படத்தின் கீழே எழுதிவிட்டால் போதும். எழுதாமல் விடுவதுதான் எனக்குப் பிடிக்காதது. படத்தில் உள்ள புள்ளிகளைக்கூட அவசரப்பட்டு அழிக்காதீர்கள். எட்டுச் சுற்றுகள் தாக்குப்பிடித்தால் போதும் என்று எதிர்பார்க்கப்பட்ட கேமரா இது. பல ஆண்டுகள் உழைத்து, வியாழனின் கதிர்வீச்சால் பழுதாகி, 2023இல் புள்ளியும் கோடுமாகப் படங்களை அனுப்பத் தொடங்கியது. பொறியாளர்கள் அதைச் சூடேற்றிச் சரிசெய்தார்கள். 2023 டிசம்பர் 30 அன்று ஐயோ நிலவை 1,500 கிலோமீட்டர் தொலைவில் கடந்தபோது படங்கள் தெளிவாக வந்தன.

ஆக, அந்த மாணவருக்கு மறுநாள் நான் சொன்ன பதில்: கேமரா எடுத்தது அப்படியே இல்லை, இல்லாத எதையும் அதில் சேர்க்கவும் இல்லை. அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. அடுத்த வாரம் பச்சையாக ஒரு வியாழனைக் கொண்டுவந்தார். கீழே, "சிவப்பையும் பச்சையையும் மாற்றினேன். லெவல்ஸ் கூட்டினேன். எதையும் வரையவில்லை" என்று எழுதியிருந்தார். முன்வரிசை மாணவி இன்னும் படம் கொடுக்கவில்லை. கலைக்கல்வி ஆசிரியையிடம் பாத்திக் மெழுகு கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.